தைராய்டு கட்டிக்கு ஊசி டெஸ்ட்: எவ்வளவு நம்பலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் 18 வருடம் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். கழுத்துக் கட்டியில் ஊசி போட்டு எடுத்த ஸ்லைடுகளுக்குச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப் மேசைக்கு அனுப்புவது என் வேலையில் பெரிய பங்கு. அப்புறம் என் அக்காவுக்கே கழுத்தில் கட்டி வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்த பிறகுதான், ரிப்போர்ட்டைக் கையில் வாங்குகிறவர் மனதில் எத்தனை கேள்வி ஓடும் என்று எனக்கு உறைத்தது. கல்யாண வீட்டிலும் டவுன் பஸ்ஸிலும் என்னைப் பார்த்ததும் சொந்தக்காரர்கள் கேட்கிற கேள்விகளைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, முடிவை உங்கள் கழுத்தைத் தொட்டுப் பார்த்த டாக்டர்தான் சொல்லவேண்டும். ஆனால் ரிப்போர்ட்டில் இருக்கிற வரி எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று தெரிந்துகொண்டு அவர் முன்னால் போய் உட்கார்ந்தால், கேட்கவேண்டியதை விட்டுவிடாமல் கேட்க முடியும்.

கழுத்தில் கட்டி என்றாலே கேன்சர்தானா?

இல்லை, பெரும்பாலும் இல்லை. கையால் தடவினாலே தெரிகிற தைராய்டு கட்டி 100 பேரில் 4 முதல் 7 பேருக்கு இருக்கும். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் வைத்துத் தேடினால் அந்த எண்ணிக்கை 19 முதல் 68 வரை போகிறது, அதாவது நம் தெருவில் வயதான பெண்களை வரிசையாக உட்காரவைத்து ஸ்கேன் எடுத்தால் பாதிப் பேருக்கு ஏதாவது ஒரு சின்னக் கட்டி தென்படலாம். இந்தக் கட்டிகளில் கேன்சராக இருப்பது 7 முதல் 15 சதவீதம். அதிலும் பெரும்பங்கு பாப்பிலரி என்கிற வகை, மெதுவாக வளர்வது, வைத்தியத்துக்கு நன்றாகக் கட்டுப்படுவது.

அக்காவின் கட்டியை முதலில் பார்த்தது எங்கள் சித்தி. வளைகாப்பு வீட்டில் அக்கா அண்ணாந்து தண்ணீர் குடித்தபோது கழுத்தில் ஒன்று ஏறி இறங்கியதாம். தைராய்டு கட்டிக்கு அது ஒரு அடையாளம்தான், விழுங்கும்போது கூடவே மேலே போய் இறங்கும். கட்டி கல் மாதிரி கடினமாக இருந்தாலோ, சில வாரங்களிலேயே வேகமாகப் பெரிதானாலோ, குரல் கரகரத்துப் போனாலோ, பக்கத்துக் கழுத்தில் நெறி கட்டியது போல இருந்தாலோ, சின்ன வயதில் கழுத்துக்குக் கதிர்வீச்சு சிகிச்சை கொடுத்திருந்தாலோ, குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு கேன்சர் இருந்தாலோ நாள் கடத்தாதீர்கள்.

ரத்த டெஸ்டில் தைராய்டு நார்மல் என்று வந்துவிட்டது. அப்புறம் ஊசி எதற்கு?

இந்த ஒரு தவறான நம்பிக்கையால் எத்தனையோ பேர் ஒரு வருடம், இரண்டு வருடம் என்று தள்ளிப்போட்டதைப் பார்த்திருக்கிறேன். டி.எஸ்.எச். டெஸ்ட் சொல்வது சுரப்பி எவ்வளவு வேலை செய்கிறது என்பதைத்தான். உள்ளே இருக்கும் கட்டி எப்படிப்பட்டது என்று அது சொல்லாது. தைராய்டு கேன்சர் இருக்கிற பெரும்பாலானவர்களுக்கு ரத்த அளவு நார்மலாகவே இருக்கும்.

ஆனால் அந்த ரத்த டெஸ்டுக்கு வேறு ஒரு உபயோகம் உண்டு. டி.எஸ்.எச். மிகவும் குறைவாக வந்தால், அந்தக் கட்டியே அளவுக்கு மீறி ஹார்மோன் சுரக்கிறதா என்று தனி ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். அப்படிச் சுரக்கிற கட்டி கேன்சராக இருப்பது அபூர்வம், அதற்கு வழக்கமாக ஊசியே தேவைப்படாது. ஆகவே ரத்த டெஸ்டையும் ஸ்கேனையும் முடித்துவிட்டு ஊசிக்குப் போவதுதான் முறை.

எல்லாக் கட்டிக்கும் ஊசி போடவேண்டுமா?

வேண்டாம். ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'டி.ஆர்.' என்று போட்டு 1 முதல் 5 வரை ஒரு எண் இருக்கும். டைராட்ஸ் என்று சொல்வார்கள், இப்போது பரவலாக இருப்பது 2017-ல் அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி வெளியிட்ட முறை. கட்டி முழுக்கத் திடமா இல்லை நீர் கோத்ததா, கறுத்துத் தெரிகிறதா, அகலத்தைவிட உயரம் அதிகமா, ஓரம் கரடுமுரடா, உள்ளே பொடிப்பொடியாகச் சுண்ணாம்புப் புள்ளிகள் மின்னுகின்றனவா என்று பார்த்து மதிப்பெண் போடுவார்கள். 1, 2 என்றால் ஊசி வேண்டாம். 3 என்றால் கட்டி 2.5 செ.மீ. இருந்தால், 4 என்றால் 1.5 செ.மீ., 5 என்றால் 1 செ.மீ. இருந்தாலே ஊசி. அளவைவிட உருவம்தான் முக்கியம். எலுமிச்சம்பழம் அளவுக் கட்டி ஒன்றும் செய்யாமல் இருக்கும், நிலக்கடலைப் பருப்பு அளவுக் கட்டி கவனிக்கவேண்டியதாக இருக்கும்.

ஊசி டெஸ்டில் என்ன செய்கிறார்கள்? வலிக்குமா?

ரத்தம் எடுக்கிற ஊசியைவிட மெல்லிய ஊசி, பெரும்பாலும் 25 நம்பர். தலையணையைத் தோளுக்குக் கீழே வைத்துக் கழுத்தை நிமிர்த்திப் படுக்கவைத்து, கட்டிக்குள் செலுத்தி, சில நொடி முன்னும் பின்னும் அசைத்துவிட்டு எடுத்துவிடுவார்கள். இப்படி இரண்டு மூன்று தடவை. குத்தும்போது விழுங்காமல், பேசாமல் இருக்கவேண்டும், அவ்வளவுதான். பட்டினி கிடக்கவேண்டாம், அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். கொஞ்சம் கன்றிப்போய் ஒரு நாள் வலி இருக்கலாம். இதய நோய்க்காகவோ பக்கவாதத்துக்காகவோ ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முன்பே சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஊசியில் வந்ததைக் கண்ணாடி ஸ்லைடில் பரப்பி, சிலவற்றை உடனே ஆல்கஹாலில் போடுவோம், சிலவற்றைக் காற்றில் காயவிடுவோம். இந்த நிமிடம் ரொம்ப முக்கியம். ஆல்கஹாலில் போடவேண்டியது கொஞ்சம் காய்ந்துவிட்டால் செல் வீங்கித் தெளிவில்லாமல் போகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காற்றில் காயவேண்டிய ஸ்லைடு காயாது, மெதுவாகக் காய்ந்தால் செல்லின் உருவமே மாறிவிடும். மழைக்காலத்தில் நாங்கள் மின்விசிறிக்கு நேரே பிடித்து நின்றுகொண்டிருப்போம். டெஸ்டின் துல்லியம் என்று பேசும்போது இந்தச் சின்னச் சின்னக் கைவேலைகளும் அதில் சேர்த்திதான்.

சரி, நேராகச் சொல்லுங்கள். ஊசி டெஸ்ட் எத்தனை சதவீதம் சரி?

இதற்கு ஒரே எண் கிடையாது. அதை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த பழைய தொகுப்பு ஒன்றில், கேன்சர் உள்ள கட்டிகளை ஊசி சரியாகப் பிடித்தது 65 முதல் 98 சதவீதம், சராசரி 83. கேன்சர் இல்லாத கட்டியை இல்லை என்று சொன்னது 72 முதல் 100 சதவீதம், சராசரி 92. இவ்வளவு வித்தியாசம் ஏன் என்றால் ஊசி போடுகிறவர் வேறு, ஸ்கேன் பார்த்துப் போட்டாரா என்பது வேறு, ஸ்லைடு படிக்கிறவர் வேறு. அதைவிட முக்கியமாக, நடுவில் தொங்குகிற, இதுவும் இல்லை அதுவும் இல்லை என்கிற ரிப்போர்ட்டுகளை எந்தப் பக்கம் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள் என்பது ஒவ்வொரு ஆய்விலும் வேறு.

அதனால்தான் "டெஸ்ட் எத்தனை சதவீதம் சரி" என்று கேட்பதைவிட "எனக்கு வந்த இந்த ரிப்போர்ட் எத்தனை சதவீதம் சரி" என்று கேளுங்கள் என்கிறேன். நல்லது என்று தெளிவாக வந்தாலும், கேன்சர் என்று தெளிவாக வந்தாலும் இந்த டெஸ்டை நன்றாக நம்பலாம். நடுவில் வந்தால் அது கேள்வியைத் திரும்ப உங்கள் கையிலேயே கொடுக்கிறது. இதைத் தெரியாமல்தான் ஒருவர் "ஊசி டெஸ்ட் சும்மா" என்கிறார், இன்னொருவர் "ஊசியில் வந்துவிட்டது, இனி பேச்சே இல்லை" என்கிறார்.

ரிப்போர்ட்டில் பெதஸ்டா 1, 2, 3 என்று போட்டிருக்கிறதே, அது என்ன?

2007-ல் அமெரிக்காவில் பெதஸ்டா என்ற ஊரில் கூடி, உலகம் முழுக்க எல்லா லேபும் ஒரே மாதிரி ரிப்போர்ட் எழுத ஒரு முறையை வகுத்தார்கள். அதற்கு முன்னால் ஒரு ஊர் ரிப்போர்ட்டை இன்னொரு ஊர் டாக்டர் படித்தால் என்ன அர்த்தம் என்று தடுமாறவேண்டியிருந்தது. இப்போது ஆறே பிரிவு. 2023-ல் வந்த மூன்றாம் பதிப்பில் ஒவ்வொரு பிரிவுக்கும் கேன்சராக இருக்கும் வாய்ப்பைச் சராசரியாக இப்படிக் கொடுத்திருக்கிறார்கள்: 1 என்றால் போதுமான செல் இல்லை, 13 சதவீதம். 2 என்றால் நல்லது, 4 சதவீதம். 3 என்றால் செல் கொஞ்சம் மாறியிருக்கிறது, என்னவென்று சொல்ல முடியவில்லை, 22. 4 என்றால் ஃபாலிகுலர் கட்டி, 30. 5 என்றால் கேன்சர் என்ற சந்தேகம், 74. 6 என்றால் கேன்சர், 97.

மொத்தம் ஊசி போடுகிறவர்களில் ஏறக்குறைய 60 முதல் 70 சதவீதம் பேருக்கு 2-தான் வரும். ரிப்போர்ட்டை வாங்கியதும் எண் எது என்று பாருங்கள், எண் போடவில்லை என்றால் கேளுங்கள். 5-க்கும் 6-க்கும் ஒன்றுதானே என்று நினைக்காதீர்கள், 5 வந்த நான்கு பேரில் ஒருவருக்கு கேன்சர் இருக்காது.

இந்தச் சதவீதங்களில் இன்னொரு விஷயம் உண்டு. இவை ஆபரேஷன் செய்து கட்டியை வெட்டிப் பார்த்தவர்களை வைத்துப் போட்ட கணக்கு. 2 வந்தவர்களில் பெரும்பாலானோர் ஆபரேஷனுக்கே போவதில்லை, போகிறவர்கள் ஏற்கெனவே வேறு ஏதோ ஒரு சந்தேகம் இருந்து போகிறவர்கள். ஆகவே 2 வந்த எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் உண்மையான ஆபத்து அந்த 4-ஐவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

'போதுமான செல் இல்லை' என்று வந்திருக்கிறது. நல்லதுதானே?

நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. டெஸ்ட் இன்னும் நடக்கவே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு முதல் தடவை இதுதான் வந்தது. ஊரின் பெயரும் இடத்தின் பெயரும் வேண்டாம், பக்கத்து டவுனில் ஒரு இடத்தில் ஸ்கேன் இல்லாமல் கையால் தடவிப் பார்த்தே ஊசி போட்டார்கள். வந்தது முழுக்க ரத்தம். ரிப்போர்ட் கொடுத்தவர் அதைப் படித்துப் பார்க்காமல் "கேன்சர் செல் ஒன்றும் இல்லை, போங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அக்காவும் அத்தானும் அன்றைக்கு வரும் வழியில் சுவாமிமலையில் அர்ச்சனை செய்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்கள். நான் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தேன். கேன்சர் செல் இல்லை என்று எழுதவே இல்லை, செல்லே இல்லை என்றுதான் எழுதியிருந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு பெரிய பள்ளம் இருக்கிறது என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்ல எனக்கு அன்றைக்கு மனசே வரவில்லை. ஆனாலும் சொன்னேன்.

ஒரு ஸ்லைடைப் படிக்கலாம் என்று சொல்ல, குறைந்தது ஆறு கூட்டமாவது செல் இருக்கவேண்டும், ஒவ்வொரு கூட்டத்திலும் பத்து செல்லாவது இருக்கவேண்டும். அதுதான் விதி. அது இல்லையென்றால் திரும்ப ஊசி போடவேண்டும், இந்த முறை கட்டாயம் ஸ்கேன் பார்த்து. திரும்பப் போட்டால் 60 முதல் 80 சதவீதம் பேருக்குத் தெளிவான பதில் கிடைத்துவிடும். முன்பெல்லாம் மூன்று மாதம் பொறுத்துத்தான் திரும்பப் போடுவார்கள், இப்போது அவ்வளவு நாள் காத்திருக்கவேண்டியதில்லை என்பதுதான் பொதுவான கருத்து.

கையால் தடவிப் போடுவதற்கும் ஸ்கேன் பார்த்துப் போடுவதற்கும் அவ்வளவு வித்தியாசமா?

ஆமாம். துருத்திக்கொண்டு தெரிகிற திடமான கட்டிக்கு அனுபவம் உள்ள கை போதும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் பாதி நீர், பாதி சதை என்று இருக்கிற கட்டியில் ஊசி நீருக்குள் போய்விட்டால் நீர்தான் வரும். சந்தேகப்படவேண்டிய இடம் ஓரத்தில் ஒட்டியிருக்கிற சதை. ஸ்கேனில் ஊசி முனை எங்கே இருக்கிறது என்று திரையிலேயே தெரியும், அந்தச் சதையைக் குறிவைக்கலாம். நீர் கோத்த பாப்பிலரி கேன்சரை ஊசி தவறவிடுவதற்கு முக்கியக் காரணமே இதுதான். ஒன்றுக்கு மேல் கட்டி இருந்தாலும் எதில் ஊசி போடுவது என்று ஸ்கேன்தான் சொல்லும், பெரியது எதுவோ அதில் என்பது சரியான வழி இல்லை.

'ஃபாலிகுலர்' என்று வந்தால் ஆபரேஷன் என்கிறார்கள். அதைக்கூட ஊசியால் சொல்ல முடியாதா?

முடியாது. இதைத்தான் நான் அதிகம் விளக்கவேண்டியிருக்கிறது, அக்காவின் கதையும் இதுதான்.

நம் பக்கம் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போயிருப்பீர்கள். மூட்டையில் குத்தூசியைக் குத்தி இழுத்தால் ஒரு கை நெல் வரும். அதைப் பார்த்து நெல் என்ன ரகம், கருக்காய் எவ்வளவு, ஈரம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்றெல்லாம் சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்த ஒரு கை நெல்லை வைத்துக்கொண்டு, மூட்டையின் அடியில் சாக்கு கிழிந்திருக்கிறதா, நெல் வெளியே சிந்துகிறதா என்று சொல்லச் சொன்னால்? சொல்ல முடியாது. சாக்கைப் புரட்டிப் போட்டு நாலு பக்கமும் பார்த்தால்தான் தெரியும்.

ஃபாலிகுலர் கட்டிக்கு ஒரு உறை உண்டு. சாதாரண ஃபாலிகுலர் கட்டிக்கும் ஃபாலிகுலர் கேன்சருக்கும் செல் ஒன்று போலத்தான் இருக்கும். வித்தியாசம், செல் அந்த உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்ததா, ரத்தக்குழாய்க்குள் நுழைந்ததா என்பதில்தான். ஊசியில் வருவது உள்ளே இருக்கிற செல். உறை வராது. உலகத்திலேயே கெட்டிக்காரப் பேத்தாலஜிஸ்ட் படித்தாலும் இதில் பதில் கிடைக்காது, ஏனென்றால் பதில் அந்த ஸ்லைடில் இல்லை. அதனால்தான் கட்டி இருக்கிற பாதிச் சுரப்பியை எடுத்து, உறையைச் சுற்றிலும் அறுத்துப் பார்க்கிறார்கள்.

அக்காவுக்கு இரண்டாவது தடவை ஸ்கேன் பார்த்துப் போட்டதில் 4 வந்தது. பாதிச் சுரப்பியை எடுத்தார்கள். பத்து நாள் கழித்து முழு ரிப்போர்ட் வந்தது, உறை எங்கேயும் உடையவில்லை, சாதாரணக் கட்டி. "அப்ப சும்மா அறுத்தாங்களா, ஊசி டெஸ்ட் தப்புதானே" என்று அத்தான் கேட்டார். தப்பு இல்லை அத்தான், ஊசி கேன்சர் என்று சொல்லவே இல்லை, நூற்றில் முப்பது என்றுதான் சொன்னது, அக்கா அந்த எழுபதில் இருந்தாள் என்றேன். அவர் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார்.

பாப்பிலரி அப்படி இல்லை. அதில் செல்லின் கருவிலேயே அடையாளம் இருக்கும். காபிக்கொட்டையில் இருப்பது போலக் கருவின் நடுவே ஒரு கோடு, சில கருவுக்குள் வெளிறிய வட்டம், சில இடத்தில் சுண்ணாம்பு உருண்டை. இந்த அடையாளங்கள் தெளிவாக இருந்தால் ஊசியிலேயே சொல்லிவிடலாம். பாப்பிலரிக்கு ஊசி டெஸ்ட் மிக நன்றாக வேலை செய்வது அதனால்தான்.

நல்லது என்று வந்துவிட்டது. இனி மறந்துவிடலாமா?

மறக்கவேண்டாம், பயப்படவும் வேண்டாம். நல்லது என்று வந்து பிறகு கேன்சராக இருப்பது 100-க்கு சில பேருக்கு நடக்கிறது. ஊசி போன இடத்தில் நல்ல செல், இரண்டு மில்லிமீட்டர் தள்ளிக் கெட்ட செல், இப்படித்தான் நடக்கும். கட்டி 4 செ.மீ.க்கு மேல் இருந்தால் தவறும் வாய்ப்பு கூடுதல் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, சில ஆய்வுகள் அப்படி இல்லை என்கின்றன.

நீங்கள் பார்க்கவேண்டியது ஸ்கேனும் ஊசியும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்பதை. ஸ்கேனில் 3, ஊசியில் 2 என்றால் இரண்டும் ஒத்துப்போகின்றன. ஒன்று இரண்டு வருடத்தில் இன்னொரு ஸ்கேன் எடுத்தால் போதும். ஸ்கேனில் 5 என்று வந்து ஊசியில் 2 என்று வந்தால் நான் அந்த 2-ஐ நம்பி உட்கார மாட்டேன். ஒரு வருடத்துக்குள் ஸ்கேனோடு ஊசியும் திரும்பப் போடவேண்டும் என்பதுதான் மருத்துவ வழிகாட்டுதலும். எங்கள் தெருவில் ஒரு அம்மாவுக்கு அப்படித்தான் நடந்தது, முதல் ஊசியில் நல்லது, ஸ்கேன் பார்த்த டாக்டர் விடாமல் மறுபடி வரச்சொன்னார், இரண்டாவது ஊசியில் பாப்பிலரி. ஆபரேஷன் முடிந்து நடவுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்.

கேன்சர் என்று வந்து, அறுத்த பிறகு இல்லை என்று ஆகுமா?

6 வந்தால் அது ரொம்ப அபூர்வம், நூற்றுக்கு மூன்று மாதிரி. தைராய்டைத் தானே தாக்குகிற ஹாஷிமோட்டோ அழற்சி இருக்கிறவர்களுக்குச் செல் கொஞ்சம் விகாரமாகத் தெரியும், அதைப் பார்த்துச் சந்தேகம் வருவது உண்டு. இன்னொன்று, 2016 வரை கேன்சர் என்று எழுதிவந்த ஒரு வகைக் கட்டியை, அது பரவுவதில்லை என்று கண்டு, கேன்சர் என்ற பெயரையே எடுத்துவிட்டார்கள். பெயரை மாற்றியதும் பழைய கணக்குகளும் கொஞ்சம் மாறின.

ஊசி குத்தினால் கேன்சர் கிளம்பிப் பரவிவிடும் என்கிறார்களே?

இந்தப் பயத்தை நம் பக்கம் எல்லா ஊரிலும் கேட்டிருக்கிறேன். "இரும்பு பட்டால் கட்டி விழித்துக்கொள்ளும்" என்று பாட்டி காலத்திலிருந்து சொல்கிறார்கள். மெல்லிய ஊசி போன பாதையில் கேன்சர் செல் ஒட்டி வளர்ந்தது என்று உலகத்தில் பதிவாகியிருப்பது விரல்விட்டு எண்ணுகிற மாதிரி மிகவும் சொற்பம். நியூயார்க்கில் 1930-லேயே ஊசியால் கட்டியிலிருந்து செல் எடுத்துப் பார்க்கும் முறையை வெளியிட்டார்கள், 1950-களிலிருந்து சுவீடனில் மெல்லிய ஊசியை வைத்து அதை வழக்கமாகவே ஆக்கினார்கள். அன்றிலிருந்து எத்தனையோ லட்சம் பேருக்குப் போட்டாகிவிட்டது. பரவினவர்களை விசாரித்தால் பெரும்பாலும் பயந்துகொண்டு ஊசிக்கே தாமதமாக வந்தவர்களாகத்தான் இருப்பார்கள், ஊசிமேல் பழி விழுந்துவிடுகிறது.

இரண்டாவது ஊசியிலும் 3 வந்துவிட்டது. என்ன செய்வது?

முதல் தடவை 3 வந்தால் திரும்பப் போட்டுப் பார்ப்பது வழக்கம், நிறையப் பேருக்கு அதிலேயே 2 என்று தெளிவாகிவிடும். இரண்டாவது தடவையும் 3 என்றால் ஸ்கேனையும் உங்கள் வயதையும் கட்டியின் அளவையும் சேர்த்துப் பார்த்து, பாதிச் சுரப்பியை எடுப்பதா, ஆறு மாதம் ஒரு வருடம் கவனித்துப் பார்ப்பதா என்று டாக்டரோடு உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுக்கவேண்டும். வெளிநாட்டில் இந்த நடுத்தர ரிப்போர்ட்டுக்காகவே அஃபிர்மா, தைரோசெக் என்று மரபணு டெஸ்ட் செய்கிறார்கள், ஆயிரக்கணக்கான டாலர் செலவு, நம் பக்கம் அன்றாடம் செய்வதில்லை.

இதில் எதையும் செய்வதற்கு முன்னால் செலவு குறைவான ஒரு வழி இருக்கிறது. அதே ஸ்லைடை வாங்கிக்கொண்டு போய் தைராய்டு ஸ்லைடு நிறையப் பார்க்கிற இன்னொரு பேத்தாலஜிஸ்டிடம் காட்டுங்கள். 3 என்பது படிக்கிறவருக்குப் படிக்கிறவர் மாறுகிற பிரிவு. ஸ்லைடைக் கேட்டால் கொடுப்பார்கள், கேட்பதில் யாரையும் அவமதிப்பதாக அர்த்தம் இல்லை. ஸ்லைடு படிக்கிறவர்களே சந்தேகம் வந்தால் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுவதை நான் தினமும் பார்த்திருக்கிறேன்.

டெல்டாவில் எங்கே போவது?

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரிகள், கொஞ்சம் தள்ளினால் திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை. நாகப்பட்டினம், காரைக்கால் பக்கத்து ஆட்கள் புதுச்சேரி ஜிப்மருக்கும் போகிறார்கள். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்த பிறகு நடவு, களையெடுப்பு என்று ஆகிவிட்டால் பெண்கள் யாரும் ஆஸ்பத்திரிப் பக்கம் வர மாட்டார்கள், அது எனக்கு நன்றாகத் தெரியும். அவசரமில்லாத கட்டிக்கு சில வாரம் பொறுக்கலாம்தான். ஆனால் "அறுப்பு முடியட்டும், பொங்கல் போகட்டும்" என்று ஒரு போகத்தை இரண்டு போகமாக ஆக்காதீர்கள். ஆபரேஷன் என்று முடிவானால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு போய் அங்கே இருக்கும் காப்பீட்டு உதவி மேசையில் முதலில் கேட்டுவிடுங்கள்.

கல்லுப்பு சாப்பிடுவதால்தான் கட்டி வந்ததா? முட்டைக்கோஸ்?

அயோடின் குறைந்தால் சுரப்பி வீங்கும், கட்டியும் வரும், அதனால் அயோடின் சேர்த்த உப்பையே வாங்குங்கள். வேதாரண்யத்துக் கல்லுப்பிலும் அயோடின் சேர்த்தது கிடைக்கிறது, பாக்கெட்டில் பார்த்து வாங்கவேண்டும். முட்டைக்கோஸைச் சமைத்து அளவோடு சாப்பிடுவதில் ஒன்றும் இல்லை. வந்துவிட்ட கட்டி உப்பை மாற்றினால் கரைந்துவிடும் என்று மட்டும் நம்பவேண்டாம்.

அப்படியானால் எல்லோரும் போய்க் கழுத்து ஸ்கேன் எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம், இதை அழுத்திச் சொல்கிறேன். தென் கொரியாவில் 1999-க்குப் பிறகு மற்ற கேன்சர் பரிசோதனையோடு தைராய்டு ஸ்கேனையும் ஆட்கள் எடுத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். 2011-ல் பார்த்தால் தைராய்டு கேன்சர் என்று கண்டுபிடிக்கப்பட்டவர்கள் 1993-ல் இருந்ததைப்போல் 15 மடங்கு. ஆனால் அந்த நோயால் இறந்தவர்களின் விகிதம் குறையவே இல்லை. ஆயுசு முழுக்க ஒன்றும் செய்யாமல் இருந்திருக்கக்கூடிய பொடிக் கட்டிகளைத் தேடிப்பிடித்து அறுத்திருக்கிறார்கள். ஜப்பானில் கோபே நகரத்தில் உள்ள கூமா மருத்துவமனையில் 1993 முதலே, 1 செ.மீ.க்கும் குறைவான, ஆபத்து குறைந்த பாப்பிலரி கட்டிகளை அறுக்காமல் ஸ்கேனில் கவனித்துவருகிறார்கள், பெரும்பாலானவை வளரவே இல்லை. கையில் தட்டுப்படுகிற கட்டி, வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தெரிந்த கட்டி, குடும்பத்தில் நோய், இதற்கெல்லாம் பாருங்கள். சும்மா தேடவேண்டாம்.

பழைய ரிப்போர்ட் தொலைந்துவிட்டது. திரும்ப ஊசி போடவேண்டுமா?

அவசரப்படாதீர்கள். லேபில் ஸ்லைடுகளைச் சில வருடமாவது எடுத்துவைத்திருப்பார்கள், ரிப்போர்ட்டின் நகலும் இருக்கும். போன தேதியையும் பெயரையும் சொன்னால் பதிவேட்டில் தேடி எடுத்துவிடலாம். நான் எத்தனையோ பேருக்கு அலமாரியைத் திறந்து எடுத்துக்கொடுத்திருக்கிறேன். இனிமேல் ரிப்போர்ட் வாங்கியதும் அதன் மேல் மூலையில் ஒரு எண் இருக்கும் பாருங்கள், அதே எண்தான் ஸ்லைடின் ஓரத்திலும் கீறியிருக்கும். போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஸ்கேன் தாளையும் சேர்த்து.